பாஸ் இல்லாத ஊரில் ஒரு ஜன்னலோர இருக்கை

எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் விசாரிப்பது சுற்றுலாப் பயணிகளுக்கான பஸ் பாஸைத்தான். கோயில் குளம் எல்லாம் அதற்கப்புறம். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாஸ் கையில் இருந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அட்டையைக் காட்டினோமா, உட்கார்ந்தோமா, இறங்கினோமா என்று இருக்கலாம். எனக்கு வயது நாற்பத்தாறு, தனிக்கட்டை. சென்னையில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கப் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறவள். விடுமுறையிலாவது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா?

சென்ற ஆவணியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது. மேட்டூரில் தண்ணீர் விட்டிருந்த நேரம். காவிரி நிறைந்து ஓடுவதை ஜேடர்பாளையம் தடுப்பணையில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சேலத்தில் தங்கி, முடிந்தவரை டவுன் பஸ்ஸிலேயே சுற்றுவது என்று திட்டம் போட்டுக் கிளம்பினேன்.

சேலம் ஜங்ஷனுக்குக் காலையில் போய் இறங்கினேன். பக்கத்திலேயே சூரமங்கலத்தில் அறை, ஒரு நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். சுத்தமாக இருந்தது, ஆனால் ரயில் சத்தம் கேட்டால் தூக்கம் வராதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்தில் நேரம் சொல்லும் கூண்டுக்குள் இருந்தவரிடம், வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாள் பாஸ் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சேலத்தைச் சுத்திப் பாக்கவா வந்திருக்கீங்க?” என்றார், நம்பாமல். பிறகு, “அப்படியெல்லாம் பாஸ் இல்லீங்க. லேடீஸுக்கு எதுக்குங்க பாஸு? கவர்மெண்ட் டவுன் பஸ்ல ஏறுங்க, ஃப்ரீதான்.”

சென்னையிலும் இது உண்டுதான். கூட்டத்துக்குப் பயந்து நான் மெட்ரோ பக்கம் ஒதுங்கிவிடுவேன், அவ்வளவுதான். இங்கே ஒதுங்க வழியில்லை. அன்றைக்கு ஓமலூர் வரை ஒரு டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பினேன். கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். ஆனால் எந்த பஸ் எங்கே நிற்கும், எந்த வழியாகப் போகும் என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்டாக வேண்டியிருந்தது. அன்று நான் பேசிய பேச்சு ஒரு மாத விடுமுறைக்குப் போதும்.

மறுநாள் காலை நாமக்கல். சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், வெளியூர் பஸ் என்பதால் டிக்கெட் உண்டு, நாற்பத்தைந்து ரூபாய் கொடுத்தேன். கண்ணுக்கெட்டிய வரை சமவெளி, லாரிப் பட்டறைகள், கோழிப் பண்ணைகள். அதன் நடுவே திடீரென்று ஊருக்குள் அந்த ஒற்றைப் பாறை எழுந்து நிற்கிறது. தலையில் கோட்டை, இடுப்பில் கோயில், காலடியில் பஸ்கள். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் அதே பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து பரமத்தி வேலூர், சுமார் இருபது கிலோமீட்டர், இன்னொரு டிக்கெட். அந்த வேலூரில் இறங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஜேடர்பாளையத்துக்கு அங்கே இரண்டு டவுன் பஸ்கள் ஒட்டினாற்போல் நின்றிருந்தன. ஒன்று பாண்டமங்கலம் வழி, மற்றொன்று கபிலர்மலை வழி. வாய்க்கால் ஓரமாகப் போகலாமே என்று பாண்டமங்கலம் வண்டியில் ஏறி, டிரைவர் பக்கத்து ஜன்னலோரத்தைப் பிடித்தேன். என் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆள் நிற்கிற சந்து, அதற்கடுத்து அந்த இன்னொரு பஸ்ஸின் வாசல். என் பக்கத்தில் வெற்றிலைக் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்தார். வண்டி ஒரே நிமிடத்தில் நிறைந்தது.

அப்போதுதான் அந்தச் சந்திலிருந்து ஒரு பெண் இரண்டு கைகளையும் உயர்த்தி என் ஜன்னல் வழியாக ஒரு குழந்தையை நீட்டினாள்.

“இவனைப் புடிங்க, ஏறி வாரேன்” என்றாள். யோசிக்க நேரமில்லை, வாங்கிவிட்டேன். ஏழெட்டு மாதம் இருக்கும். கன்னத்தில் மைப்பொட்டு, இடுப்பில் அரைஞாண், பவுடர் வாசனை. கூட்ட பஸ்ஸில் நிற்கிறவர்கள் பையையும் பிள்ளையையும் உட்கார்ந்திருப்பவர் மடியில் வைப்பதை நானும் பார்த்திருக்கிறேன். என் மடியில் யாரும் வைத்ததில்லை. நான் முகத்தை வைத்துக்கொள்கிற லட்சணத்துக்கு யாருக்கும் அந்தத் துணிச்சல் வந்ததில்லை.

பக்கத்து பஸ் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வண்டியும் கிளம்பியது. நான் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தேன். கூட்டத்தில் எங்கேயோ சிக்கியிருப்பாள், நகர்ந்து வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழ ஆரம்பித்தது.

“பசிக்குதாட்டம் இருக்குது அம்மிணி. பால் குடுங்க, நான் கூடையை நகத்திக்கறேன்” என்றார் வெற்றிலைக்கார அம்மாள்.

“இது என் குழந்தை இல்லீங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். அது கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது.

பஸ்ஸில் எல்லாரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வெளியூர்க்காரி, முன்பின் தெரியாதவள், மடியில் யாரோ பெற்ற பிள்ளை. பிள்ளை பிடிக்கிறவள் என்று எவனாவது ஒருவன் வாயெடுத்தால் என்ன ஆகும் என்று எல்லாரும் செல்போனில் பார்த்துத்தானே இருக்கிறோம். கண்டக்டர் விசிலை ஊதினார். வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றது.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாருக்கும் தாயைப் பற்றித்தான் கவலை. எந்தப் பக்கத்து ஜன்னல் என்று மட்டும் கண்டக்டர் கேட்டார். நான் காட்டியதும் தலையில் அடித்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு சந்துக்குள்ள நின்னுட்டுக் குடுத்திருக்குது. அந்தக் கூட்டம் அதை அப்படியே கபிலர்மலை வண்டில தள்ளி ஏத்திருக்கும்ங்க” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். அந்த வண்டியின் கண்டக்டரும் அதே நேரத்தில் இவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, இரண்டு முறை கிடைக்கவில்லை. கிடைத்ததும் இவர் சொன்னது ஒன்றுதான்: “ஆமா, கண்ணாடி போட்ட அம்மாகிட்டத்தான் இருக்குது. நாங்க நிக்கறோம், அனுப்பி உடு.”

நின்றோம். கால் மணி நேரத்துக்கு மேல் நின்றோம். வண்டி நிறைய ஆட்கள், உச்சி வெயில், அவரவருக்கு அவரவர் அவசரம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ஒருவர் இருந்தார், சந்தைச் சாமானோடு பலர் இருந்தார்கள். ஒருவரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் கைமாறி வந்தது. வெற்றிலைக்கார அம்மாள் மூடியில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பின் சீட்டுக்காரர் தன் தோளைத் தட்டிக் காட்டினார். அப்படியே பிடித்துத் தட்டினேன். அழுகை விம்மலாகி, விம்மல் மூச்சாகி, அவன் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனான். அந்தச் சின்ன உடம்பின் கனம் முழுதும் என் மேல் இறங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. அசையப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மொபட்டின் பின்னால் உட்கார்ந்து அவள் வந்தாள். வழியில் யாரோ ஒருவர் ஏற்றி வந்திருக்கிறார். அவளை இறக்கிவிட்டு, நன்றி சொல்லக்கூட விடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. கூட்டம் வழிவிட்டது. என் சீட்டுக்கு எதிரே வந்து நின்று, குழந்தையின் பாதத்தை மட்டும் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

நான் குழந்தையைக் கொடுக்க எழப்போனேன்.

“எந்திரிக்காதீங்க. தூங்கறான், எழுப்பிப் போடாதீங்க” என்றாள். “பாண்டமங்கலத்துல எறங்கையில வாங்கிக்கறேனுங்க.”

விசில் ஒலித்தது. பஸ் நகர்ந்தது. இப்போதுதானே தொலைத்தாள், இப்போதுதானே கிடைத்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, மறுபடி என் மடியிலேயே விட்டுவைத்திருக்கிறாள். என்னை யாரென்று தெரியாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேள்வி அவளுக்கு விளங்கவில்லை.

“ஜன்னலோரம் நீங்கதானுங்களே உக்காந்திருந்தீங்க” என்றாள்.

பாண்டமங்கலத்தில் வாங்கிக்கொண்டு இறங்கினாள். அவன் விழிக்கவே இல்லை.

ஜேடர்பாளையத்தில் காவிரியைப் பார்த்தேன். தடுப்பணை முழுக்க வெள்ளை வேட்டி விரித்த மாதிரி தண்ணீர் வழிந்து விழுந்தது. அந்த இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு முறை பிரமித்து முடித்துவிட்டவள் போல உட்கார்ந்திருந்தேன். சட்டையின் தோளில் எச்சில் காய்ந்திருந்தது.

இனி, போகப்போகிறவர்களுக்கு. சேலத்திலும் நாமக்கல்லிலும் பயணிகளுக்கென்று தனிப் பாஸ் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கு அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் தனியார் டவுன் பஸ்கள் நிறைய, அவற்றில் இது செல்லாது, ஏறும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சில்லறையோடு போங்கள். பரமத்தி வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் பதினைந்து கிலோமீட்டர் அளவு, முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், நடுவில் மரத்தடியில் நிற்காவிட்டால். அணைக்கருகே வறுத்த மீன் கிடைக்கும், ஒரு தட்டு நூற்றிருபது கொடுத்தேன், சூடாகச் சாப்பிடுங்கள். தண்ணீர் அதிகமாக விட்டிருந்தால் குளிக்க இறங்க வேண்டாம். திரும்புவதற்குக் கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இடம் கிடைத்தால் ஜன்னலோரமாக உட்காருங்கள். கைகளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.