ஜூட்டின் செத்த வீட்டுக்கு ஃபோன் இல்லாமல் போனது

இந்த வலைப்பதிவில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் தூரப் பயணங்கள். இது வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். கொழும்புக்காரர் யாரும் இதைப் பயணம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் இந்தத் தூரத்தைக் கடந்த மாதிரிக் கஷ்டப்பட்டு எந்த மலையும் ஏறியதில்லை.

போன காரணம் ஜூட். ஒரே கந்தோரில் இருபது வருஷம் என் பக்கத்து மேசையில் இருந்தவன். நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பு. அண்ணன்மார் இரண்டு பேரும் கனடாவில். நேரத்துக்கு வர முடியவில்லை. அன்று காலை அவன் மனைவி ஷர்மிளா என்னைக் கூப்பிட்டு, மூன்று மணிக்கு எடுக்கிறோம், பெட்டி தூக்க நீங்களும் வேண்டும், கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள் என்று சொன்னாள். கட்டாயம் வருகிறேன் என்று சொன்னேன். அவர்கள் அண்மையில்தான் வீடு மாறியிருந்தார்கள், புது வீட்டுக்கு நான் போனதில்லை. லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஃபோன் கையில்தானே இருக்கப் போகிறது என்ற நினைப்பு.

காலி வீதியில் ஒரு மணிபோல 155ஆம் இலக்க பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டியில் பொக்கெற்றுக்குள் கையை விட்டால் கைக்குட்டை மட்டும்தான் வந்தது. ஃபோன் வீட்டு ஹோலில் சார்ஜில் கிடக்கிறது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் இந்த 155 தனக்கு மனம் வந்தால்தான் வரும். அடுத்ததைப் பிடிப்பதற்குள் ஜூட்டை எடுத்துவிடுவார்கள். ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட என்று ஷர்மிளா சொன்னது ஞாபகம் இருந்தது. போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த முஸ்லிம் அம்மா நான் பொக்கெற்றைத் தடவுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தன் ஃபோனை நீட்டினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு ஒரு நம்பரும் பாடம் இல்லை. மனைவியின் நம்பர் 077 என்று தொடங்கும், அவ்வளவுதான். ஷர்மிளாவின் நம்பர் அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது, கடைகளில் கேட்டுக் கேட்டுப் பாடமானது. அதற்கே அடித்தேன், வீட்டில் இருக்கும் மனைவி எடுப்பாள் என்று. இரண்டு தரம் மணி போய் நின்றது. தெரியாத நம்பரை எடுக்காதே, ஏமாற்றுக்காரர் கூடிவிட்டார்கள் என்று அவளுக்கு ஓதி வைத்தவனும் நான்தான்.

நேரம் பார்ப்பதும் பெரிய பாடாகிவிட்டது. அந்த பஸ்ஸில் மணிக்கூடு கட்டிய கை ஒன்றையும் நான் காணவில்லை. மருதானையில் பஸ் நின்ற இடத்தில் நிற்க, எனக்கு உள்ளுக்குள் பதறத் தொடங்கியது. மூன்று பேரிடம் நேரம் கேட்டேன். மூன்றாவது ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது எதிரே இருந்த பார்மசியின் சுவரில் இரண்டு இருபது. ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தேன். ஒரு ஒழுங்கையின் வாசலிலிருந்து உள்ளே வரிசையாக வெள்ளைக் கொடி. கொழும்பில் செத்த வீட்டுக்கு யாரும் வழி கேட்பதில்லை, கொடியைப் பிடித்துக்கொண்டு போனால் வீடு வரும். நானும் போனேன். வாசலில் நின்றவர்களுக்குக் கை கொடுத்தேன், பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன், ஒரு பெண் பிளேன் டீ கொண்டுவந்து தந்தாள். முன்னால் நின்ற சனம் விலகியபோது பெட்டிக்குள் ஒரு வயதான அம்மா, நெற்றியில் திருநீறு.

தேத்தண்ணியும் வாங்கிவிட்டு உடனே எழும்பி ஓடவும் முடியாது. குடித்து முடித்து, போய் அந்த அம்மாவைக் கும்பிட்டேன். பிறகு வாசலில் நின்ற ஒருவரிடம் கதையைச் சொன்னேன். அவர்தான் இறந்தவரின் மகன் என்பது எனக்குத் தெரியாது. குமார் என்று பெயர், ஓட்டோ ஓட்டுகிறவர்.

"ஜூட் சாரா? அவங்க வீடு அடுத்த லேன் தாண்டி உள்ளுக்கு இருக்கு. நடந்தா பிடிக்க மாட்டீங்க. ஏறுங்க, நான் விடுறேன்."

உங்கள் வீட்டுக் காரியத்தை விட்டுவிட்டு வேண்டாம், நான் விசாரித்துப் போகிறேன் என்றேன்.

"எங்களுக்கு அஞ்சு மணிக்குத்தாங்க. அம்மா அதுவரைக்கும் இருப்பாங்க. உங்க ஆள் இருக்கமாட்டாரு."

தாயைக் கிடத்திவிட்டு ஒரு மனிதன் எனக்காக ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணுகிறான். ஜூட் வீட்டு வாசலில் இறங்கி, இருநூறு ரூபாவை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே பெட்டியை மூடிவிட்டார்கள். ஷர்மிளாவின் ஃபோன் ஒரு ஸ்டாண்டில் நின்றது, கனடாவில் இருந்து அண்ணன்மார் அதற்குள் அழுதுகொண்டிருந்தார்கள். ஷர்மிளா என்னைக் கண்டதும் கிட்ட வந்தாள்.

"கோல் எடுத்தனான் அண்ணா. நீங்கள் எடுக்கேல்ல. வரமாட்டீங்கள் எண்டு நினைச்சுத்தான் மூடச் சொன்னனான்."

ஃபோனை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவள் திரும்பி, கொஞ்சம் திறவுங்கோ, அண்ணா பாக்கட்டும் என்றாள். திறந்தார்கள். பார்த்தேன். பிறகு மாதா கோயில் வரைக்கும் இடப்பக்கம் முன்னால் பிடித்துத் தூக்கினேன். கனம்தான்.

மாதம்பிட்டிய மயானத்தில் முடிந்து வீடு வர ஆறரை. மனைவி கதவைத் திறந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஃபோன் சார்ஜிலேயே கிடந்தது. நாலு மிஸ்ட் கோல். இரண்டு தெரியாத நம்பர், பஸ் அம்மாவுடையது. மற்ற இரண்டும், பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, ஜூட். ஷர்மிளாவின் ஃபோன் கனடாவுக்குக் காட்டிக்கொண்டிருந்ததால், பாவம், அவள் அவனுடைய ஃபோனிலிருந்து அடித்திருக்கிறாள்.

"ஜூட் எண்டு விழுந்துது," என்றாள் மனைவி. "அவற்ற படமும் வந்து சிரிக்குது. நான் எப்பிடி எடுக்கிறது?"

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 155 நேரே போகும், நூறு ரூபாவுக்குள் முடியும். ஆனால் சனிக்கிழமை என்றால் ஒன்றேகால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஆப்பில் ஓட்டோ பிடித்தால் ஆயிரத்துச் சொச்சம், அதற்கும் ஃபோன் வேண்டும். இரண்டு நம்பரையாவது பாடமாக்குங்கள், அல்லது ஒரு கடதாசித் துண்டில் எழுதி பர்ஸுக்குள் வையுங்கள். விலாசத்தைப் புறப்படுவதற்கு முன் ஒருமுறை வாயால் சொல்லிப் பாருங்கள். வெள்ளைக் கொடியைப் பிடித்துப் போனாலும் பரவாயில்லை, வாசலில் பெயரைக் கேட்டுவிட்டு இருங்கள். தெரியாத நம்பரை எடுக்காதே என்று வீட்டில் நான் போட்ட சட்டத்தையும் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன்.

ஷர்மிளா இனி ஜூட்டின் நம்பரைத்தான் வைத்திருக்கப் போகிறாளாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வங்கி எல்லாவற்றுக்கும் கொடுத்திருப்பது அதுதான். மனைவி பயப்படாமல் இருக்க நானும் என் ஃபோனில் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. ஜூட்டை அழித்து ஷர்மிளா என்று அடிக்க அரை நிமிஷம்கூட ஆகாது. எனக்கு ஒரு கிழமை எடுத்தது.