கடல் கடந்த கிணற்றுத் தண்ணீர்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, அக்கராயன் குளத்துக்குக் கீழே காணி எடுத்துக் குடியேறிப் பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தச் சித்திரை விடுமுறையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளின் கரப்பந்தாட்ட, அதுதான் வொலிபோல், அணிக்கு இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் போட்டி. என் மூத்த மகனும் அணியில் இருந்தான்.

பிள்ளைகளைத் தனியே கடல் தாண்டி அனுப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை. பழக்குகிற மாஸ்டரோடு பெற்றோரில் ஐந்து பேர் போவதென்று முடிவானது. அதில் நானும் ஒருத்தி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எழுதவும் வரும். போதாததற்குச் சின்ன வயதில் ஒரு தடவை சிதம்பரம் போய் வந்தவள். இந்தியா முழுவதும் எனக்கு அத்துப்படி என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்! "நீங்களே எல்லாருக்கும் ஒரு ஒழுங்கு எழுதிக் குடுங்கோ" என்று மாஸ்டர் சொன்னதும், மகனின் கொப்பியில் நாலு பக்கம் எழுதி, வீடு வீடாகக் கொடுத்தனுப்பினேன்.

நல்ல புத்திமதிகள்தான். அம்மை ஊசி, வாந்திபேதி ஊசி போட்ட கடதாசியைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருக்க வேண்டும். பிள்ளையின் பெயரையும் ஊரையும் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துத் தைக்க வேண்டும். கப்பல் ஏறும்முன் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. இப்படிப் போய், கடைசியில் பெரிய எழுத்தில் ஒன்று: போகிற இடத்தில் ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீரை நான் கொண்டுவருவேன்.

அதற்கு எனக்கொரு காரணம் இருந்தது. நாங்கள் சிதம்பரம் போய் வந்த நாலாம் நாள் என் மாமி வாந்திபேதியில் செத்துப்போனா. "தண்ணி மாறினதுதான்" என்று ஊரே சொன்னது. மாமியின் உதடு காய்ந்து கிடந்த கிடை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகவே எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, மூடி இறுக்கிய இரண்டு பெரிய தகரக் கான்களில் நிரப்பினேன். "கோதாரி, இதென்ன விசர் வேலை? அங்கை சனம் தண்ணி குடியாமலே இருக்குது?" என்று என் மனுசன் சிரித்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிளிநொச்சி ஸ்டேஷனில் றெயிலுக்குக் காத்து நின்றபோது, கடற்கரை ஊரான நாயாற்றிலிருந்து ஒரு தாய் பஸ் பிடித்து வந்தா. எங்கள் அணியில் ஆக உயரமான பிள்ளை அவவின் மகன். மாமன் வீட்டில் நின்று எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். நெட்டுக்கு மேலே ஒரு முழம் எழும்பி அடிப்பான். அணியில் வேதக்கார, கிறிஸ்தவப் பிள்ளை அவன் ஒருவன்தான். தகப்பன் கடலுக்குப் போகிறவர், வீட்டில் கைக்குழந்தை. அதனால் அவர்களால் கூட வர முடியவில்லை. அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களை நம்பித்தான் விடுறன். சொல்வழி கேக்கிற பிள்ளை. உங்களுக்கு ஒரு கரைச்சலும் தரமாட்டான்" என்றா. பிறகு அவனைப் பார்த்து, "இந்த அக்கா என்ன சொன்னாலும் தட்டப்படாது, கண்டியோ?" என்றா. அவன் தலையாட்டினான். எனக்குப் பெருமையாய் இருந்தது. என் மகனுக்கு இப்படி ஒரு பணிவு இல்லையே என்றுகூட நினைத்தேன்.

தனுஷ்கோடியில் சாமான்களைச் சோதித்த அதிகாரி கானைத் தட்டிப் பார்த்தார், திறந்து மணந்து பார்த்தார். "என்னம்மா இது?"

"தண்ணி."

"தண்ணியா? கடலைத் தாண்டியா?" மற்ற அதிகாரிகளையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். நாயாற்றுப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கான்களையும் அவனே தூக்கிக்கொண்டு நடந்தான்.

போய்ச் சேர்ந்த ஊர் என்றால் ஊர்! எங்கள் பக்கம் வெயில் இல்லையென்று இல்லை. ஆனால் எங்களுக்குக் குளம் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, காடு இருக்கிறது. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல். நடுவே கருவேல மரங்கள். பள்ளிக்கூடக் கிணற்றில் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்குத் தொலைவில் இருந்த ஊருணி ஒன்றுக்குத்தான் போக வேண்டும். அந்தத் தண்ணீரை எங்களுக்காகச் சுமந்து வருவதற்கென்றே ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். வந்து பந்தல் ஓரத்தில் மண்பானையில் ஊற்றி வைத்துவிட்டு, செம்பில் அள்ளிக்கொண்டு சிரித்தபடி எங்களிடம் வந்தா.

"குளுமையா இருக்கும் தாயி, குடிங்க."

"வேண்டாம், எங்களிட்டைத் தண்ணி இருக்கு" என்றேன்.

அந்தப் பெண் செம்போடு கொஞ்ச நேரம் நின்றா. பிறகு தண்ணீரைத் திரும்பப் பானைக்குள் ஊற்றிவிட்டுப் போய்த் தள்ளி உட்கார்ந்தா. நான் பிள்ளைகளுக்கு முதல் கானைத் திறந்து தகரப் பேணியால் அளந்து கொடுத்தேன்.

அடுத்த நாள்தான் எங்கள் முதல் ஆட்டம். காலை பத்து மணிக்கு ஆடி வென்றோம். பிள்ளைகள் தலைகால் தெரியாமல் துள்ளினார்கள். முதல் கான் அதோடு முடிந்தது. இரண்டாவது கானைத் தூக்கினேன். கை சும்மா மேலே போனது! றெயிலில் எங்கேயோ அடிபட்டு அடித்தகரம் விட்டிருக்கிறது. உள்ளே ஒரு செம்பு தண்ணீர்கூட இல்லை. இருந்ததும் துருப்பிடித்த நிறம்.

அப்போதே வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் திறக்கவில்லை. நாலு பக்கம் எழுதிக் கொடுத்தவள், அதிகாரிகளின் சிரிப்பையெல்லாம் தாங்கிக்கொண்டு வந்தவள், இப்போது போய்க் கான் ஓட்டை என்று சொல்வதா? பின்னேரம் சமையல் குசினியில் தண்ணீர் வாங்கிக் கொதிக்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "மற்றக் கானைப் பின்னேரம்தான் திறப்பன், அதுமட்டும் பொறுங்கோ" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். என் கெட்ட காலம், மத்தியானம் ஆடவேண்டிய ஓர் அணி வந்து சேரவில்லை. பின்னேரம் நடக்க இருந்த எங்கள் இரண்டாவது ஆட்டத்தை மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த வெயிலில் பிள்ளைகள் ஆடினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் ஒருவரும் தண்ணீர் கேட்கவில்லை. "பாருங்கோ, எவ்வளவு கட்டுப்பாடான பிள்ளையள்" என்று பக்கத்திலிருந்த மாஸ்டரிடம் சொன்னேன். வெட்கமாய்த்தான் இருக்கிறது, சொன்னேன்.

இரண்டாவது சுற்றில் நாயாற்றுப் பிள்ளை எழும்பி அடிக்கப் போய், பந்தைத் தொடாமலே கீழே வந்தான். கெண்டைக்கால் பிடித்துவிட்டதென்று நினைத்தோம். எழும்பி நின்றான். இரண்டடி வைத்தான். பிறகு அப்படியே முகம் குப்புற விழுந்தான்.

ஓடிப்போய்ப் புரட்டினேன். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது, வேர்வை ஒரு பொட்டு இல்லை. கண் மேலே சொருகியிருந்தது. வாய் ஏதோ புலம்பியது. "அம்மா, வலை... வலையைப் பிடியுங்கோ..." உதட்டைப் பார்த்தேன். மாமியின் உதடு. "தண்ணி! ஆரும் தண்ணி கொண்டுவாங்கோ!" என்று நான்தான் கத்தினேன்.

கத்தி முடிக்கும் முன்னே அந்தப் பெண் குடத்தோடு வந்துவிட்டா. என்னை ஒரு கையால் விலக்கினா. பிள்ளையின் தலையை மடியில் எடுத்து வைத்து, முந்தானையை நனைத்து உச்சியிலும் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றினா. நான் செம்பை எடுத்து வாயில் சரிக்கப் போனேன்.

"ஊத்தாதீக தாயி, பொரை ஏறிரும்" என்று தடுத்தா. யாரையோ அனுப்பிக் கஞ்சித் தண்ணீர் கொண்டுவரச் செய்து, அதில் உப்புப் போட்டு, விரலில் தொட்டுத் தொட்டு உதட்டுக்குள் விட்டா. அவசரமே இல்லாத கை.

அப்போதுதான் என் மகன் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான். "அம்மா, நாங்கள் எல்லாரும் நேற்றையிலிருந்து இவையின்ரை பானையிலைதான் குடிக்கிறம். நீங்கள் அங்காலை போற நேரம் பார்த்துக் குடிப்பம். இவன் மட்டும்தான் குடிக்கேல்லை. எவ்வளவோ கேட்டனாங்கள். அக்கா சொன்னதைத் தட்டமாட்டன் எண்டு அம்மாவுக்குத் தலையாட்டினனான் எல்லோ எண்டான்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தா. "இந்தப் புள்ள மட்டும் வேணாம் வேணாமுன்னே நின்னுச்சு. நீங்களும் வேணாமுன்னீக. எங்க கையால வாங்கிக் குடிக்கக் கூடாது போலன்னு நெனைச்சேன் தாயி" என்றா. கோபமாய்ச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. ஒருவர் தருகிற தண்ணீரை வாங்காமல் விட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. எங்கள் ஊரிலும் அதே அர்த்தம்தான். எத்தனையோ வீட்டு வாசலில், தாகத்தோடு, "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்று பொய் சொல்லித் திரும்பியவள் நான். அந்தப் பொய்யைக் கேட்டவர்களின் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாய்ப் பார்த்தேன்.

கம்பவுண்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். நாடி பிடித்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வெயில் தாழ்ந்த பிறகு பிள்ளை கண் திறந்தான். பந்தலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பெண்ணின் கையில் இருந்த செம்பைக் கண்டதும் அவன் முகம் மாறியது. "அக்கா, நான் குடிச்சிட்டன் போலை. தெரியாமல் குடிச்சிட்டன். கோவியாதேங்கோ" என்றான்.

அத்தனை பேருக்கும் முன்னால் நான் வாய்விட்டு அழுதேன். கான் ஓட்டையாய் இருந்ததையும், தெரிந்தும் மறைத்ததையும் அங்கேயே எல்லோருக்கும் சொன்னேன். அதே செம்பை வாங்கி நானும் குடித்தேன். மறுநாள் விடிந்ததும் நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அவவோடு ஊருணிக்குப் போனேன். ஒரு நடைக்கே என் இடுப்பு விட்டுப் போனது. அவ ஒரு நாளைக்கு ஆறு நடை நடக்கிறாவாம்.

போட்டியில் தோற்றுத்தான் திரும்பினோம். கப்பலில் வரும்போது மாஸ்டர், "பிள்ளை சுகமாய்த்தானே வாறான், இதைப் போய் வீட்டிலை சொல்லிப் பயப்படுத்தாதேங்கோ" என்றார். அந்தப் பேச்சு எனக்கு வசதியாய் இருந்தது. ஸ்டேஷனில் மாமனிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். ஒரு கிழமை சோறு இறங்கவில்லை. கடைசியில் மனுசனையும் கூட்டிக்கொண்டு நாயாற்றுக்குப் பஸ் ஏறினேன்.

அந்தத் தாய் முற்றத்தில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டு சந்தோஷமாய் ஓடி வந்தா. பிள்ளை ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. நான் நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவா, ஏசட்டும், அடித்தாலும் வாங்குவோம் என்றுதான் போனேன். அவ ஏசவில்லை. கையிலிருந்த மீனை ஓலைக் கடகத்துக்குள் வைத்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பினா.

"நான் எல்லோ அக்கா சொல்லி விட்டனான், தட்டப்படாதெண்டு" என்றா. "இனி என்ரை பிள்ளையள் ஒண்டுக்கும் அப்பிடிச் சொல்லி அனுப்பமாட்டன்."

அவ என்னை மன்னித்தாவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் துணிவு வரவில்லை.

இப்போதும் பிள்ளைகளை விளையாட்டுக்கென்று வெளிநாடு கூட்டிப் போகிறவர்கள் என்னிடம் வந்து என்ன கொண்டுபோவது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்பதுண்டு. கடதாசி, மருந்து, உடுப்பு எல்லாம் சொல்லுவேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், ஆனால் தருகிறவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள் என்பேன். ஒரு பிள்ளைக்காவது ஒன்றைச் செய்யாதே என்று கண்டிப்பாய்ச் சொல்லும்போது மட்டும் என் நாக்குத் தயங்குகிறது. மீறுகிற பிள்ளை எப்படியும் தப்பிக்கொள்ளும், கேட்டு நடக்கிற பிள்ளையைத்தான் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.