மீன் தின்னுச்சா?

ஊரப்பாக்கத்தில் என் மகன் வீட்டில் ஒரு மீன் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்தார்கள். நல்ல நீலம், பாவாடை மாதிரி விரிந்த வால். கடையில் கொடுத்த உருண்டைத் தீனியை அது தொடவே இல்லை. மருமகள் போனைப் பார்த்துப் பார்த்துத் தொட்டியை இடம் மாற்றுகிறாள், லைட் போடுகிறாள், கண்ணாடியைத் தட்டுகிறாள். சும்மா விட்டால் தின்னும் என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஏதோ ஐந்தாவது வரை படித்ததால் எழுத வருகிறது.

இதே ஜாதி மீன் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஓட்டு வீட்டில் இருந்தோம். நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வாரத்தில் சில ராத்திரி டூட்டி என்று வீட்டுக்கு வர மாட்டார். ஒரு நாள் சாயங்காலம் ஒரு கையில் பாட்டிலும் மறு கையில் ஒரு பெண் குழந்தையுமாக வந்து நின்றார். என்னைவிடச் சின்னவள். பாட்டிலில் சிவப்பாக ஒரு மீன்.

“தூரத்துச் சொந்தம். கீழ்க்கட்டளைக்காரங்க. இவ அம்மா தவறிட்டாங்க. இனிமே இங்கதான் இருக்கும்” என்றார் அப்பா. அம்மாவிடம் சொல்ல வேண்டியதை வாசல் கதவிடம் சொன்னார். மீனைப் பற்றி மட்டும் நிறையப் பேசினார். “வழியெல்லாம் அழுதுகினே வந்துச்சு, அதான் வாங்கிக் குடுத்தேன். ஃபைட்டராம். தனியாத்தான் வைக்கணும். பக்கத்துல இன்னொண்ணு வந்துச்சுன்னா ரெண்டும் அடிச்சிக்கினு செத்துடுமாம்.”

அம்மா அந்தப் பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“எல்லாம் தெரிஞ்சுதான் கொண்டாந்தீங்களா?”

கடைக்காரனை நன்றாக விசாரித்துத்தான் வாங்கினாரா என்று அம்மா கேட்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

“மீன் எனக்காப்பா?” என்று கேட்டேன். “அந்தப் புள்ளையோடது, தொடாத” என்றார். நாய்க்குட்டி வேண்டும் என்று நான் தரையில் புரண்டு அழுதபோது, இந்த வீட்டில் குரைக்க நீ ஒருத்தி போதும் என்று சொன்ன அதே அப்பா.

புளி போட்டு வைத்திருந்த பெரிய மிட்டாய் பாட்டிலை அம்மாதான் கழுவினாள். அண்டாவில் பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீரை அதில் ஊற்றினாள். மீன் வந்த தண்ணீரைக் கொட்டாமல் அதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மீனை விட்டாள். கடைக்காரர் சொன்னாராம் என்று காய்ந்த பாதாம் இலை ஒன்றையும் போட்டாள். துள்ளி வெளியே விழாமல் இருக்க வாயில் மெல்லிய துணி கட்டி, வெயில் படாத கொல்லைப் பக்க ஜன்னலோரம் வைத்தாள். மீன் இலைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது.

அந்தப் பெண்ணும் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் அதேபோல ஒண்டிக்கொண்டாள். காலையில் காப்பியில் நனைத்த பன் மட்டும் உள்ளே போகும். சோறு என்றால் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

எதிர் வீட்டு அக்கா அவளைப் பார்த்துவிட்டுப் போகிற போக்கில் என்னை வாசலில் மடக்கினாள். “இன்னாடி, வூட்டுக்கு ராஜகுமாரி வந்துகீறா போல? நெத்தி, மூக்கு எல்லாம் அப்படியே உங்கப்பன் ஜாடைடி!”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும் அம்மா ஜாடை என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெண் எனக்குக் கிடைக்காத மூக்கை ஏதோ ஒரு தூரத்துச் சொந்தம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்!

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் எரிந்தது. அம்மா அவளுக்குத்தான் முதலில் தலை வாரினாள். என் பூப்போட்ட தட்டை அவளுக்குக் கொடுத்தாள். கேட்டால், “நீ பெரியவ” என்பாள். அப்பாவின் ராத்திரி டூட்டியும் அவள் வந்ததோடு நின்றுபோனது. எனக்காக ஒரு நாள் டூட்டிக்குப் போகாமல் இருந்ததுண்டா இவர் என்று அதற்கும் ஒரு கோபம்.

மீனை முதலில் நான்தான் தின்ன வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளுடைய மீன் என் கையால் தின்றால் அது எனக்குப் பெரிய ஜெயம். கொல்லையில் இருந்த கல்தொட்டியில் கொசுப்புழு நெளியும். கொட்டாங்கச்சியில் அள்ளி வந்து பாட்டிலில் விட்டேன். கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றேன். மீன் புழுவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு முறைத்தது.

“தள்ளி வாடி. மூஞ்சியையே பார்த்துக்கினு நின்னா எதுதான் தின்னும்? பசிச்சா தானா தின்னும்” என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பெண்ணுக்கும் அதே வைத்தியம்தான். தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி, அவள் பக்கத்தில் வைத்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள்.

“எனக்கும் பசிக்குதும்மா.”

“உனக்கு அப்புறம்.”

அந்த ‘அப்புறம்’ வயிற்றைவிட அதிகமாக எரிந்தது.

அம்மா அப்பாவிடம் பேசுவதையும் விட்டுவிட்டாள். என்னிடம், “உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு” என்பாள். அவர் அங்கேயே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். வேலை விட்டு வந்ததும் அவர் மட்டும், “மீன் தின்னுச்சா?” என்று கேட்பார். “இல்ல” என்பாள். ஒரு நாளுக்கு அவ்வளவுதான் பேச்சு.

ஒரு மத்தியானம் கொல்லையில் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்த்தவள் சட்டென்று என் தோளை அழுத்திக் குனிய வைத்தாள். மீன் இலையைவிட்டு வெளியே வந்திருந்தது. ஒரு புழுவைச் சுற்றிச் சுற்றி வந்து லபக்கென்று பிடித்தது. இன்னொன்று. பாட்டிலுக்கு அந்தப் பக்கம், மூடியிருந்த தட்டைத் தள்ளிவிட்டு அந்தப் பெண் ரசம் சோற்றை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். அப்பளம் நொறுங்கும் சத்தம் கொல்லைவரை கேட்டது.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அம்மை போட்டு, எழுந்து முதல் வாய் சோறு தின்றபோதுகூட அம்மா இப்படி அழுததில்லை. இவள்மேல் அவ்வளவு ஆசையா!

சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். “மீன் தின்னுச்சா?”

“ரெண்டும் தின்னுச்சு” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அப்பா உள்ளே வரவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பெண் வந்ததிலிருந்து அம்மா இவரிடமும் பேசுவதில்லை, என்னையும் கவனிப்பதில்லை. இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் ஒதுக்கப்பட்டவர்கள் என்று தோன்றியது. போய் ஒட்டி உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வுடுப்பா. நாம ரெண்டு பேரும் ஒரு கட்சி” என்றேன்.

அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அவள் என் தங்கை என்பதும், அப்பாவின் ராத்திரி டூட்டி கீழ்க்கட்டளையில்தான் இருந்தது என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது நான் தாவணி போட்டுவிட்டேன். மீன் தின்ற அன்றைக்கு அந்த வீட்டில் பொறாமைப்பட நியாயம் இருந்த ஒரே ஆள் உள்ளே எங்கள் எல்லாருக்கும் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். “யாராவது வந்து தட்டு எடுத்து வைங்க” என்று ஒருமுறை கூப்பிடவும் செய்தாள். நான்தான் போகவில்லை. அப்பா தனியாக இருப்பாரே என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.