அண்ணனோடு மூச்சைப் பற்றி மட்டும் பேசினேன்

அண்ணனுடைய வெள்ளி அரைஞாணைக் கழற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. காந்த மிஷினுக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாதாம். சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். நீலக் கவுனில் வெளியே வந்த அண்ணன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். என் மூத்த பிள்ளைக்குக் காது குத்திய அன்றைக்கு நின்றுபோன பேச்சு. அந்தப் பிள்ளைக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

ஸ்ரீமுஷ்ணத்தில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நல்ல நேரம் முடியப் போகிறது, அண்ணனைக் காணோம். வழியில் பஸ் நின்றுபோனது எங்களுக்கு எப்படித் தெரியும்? என் நாத்தனார் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "என்ன அண்ணி, மாமன் வருவாரா, இல்ல நாங்களே ஒரு மாமனப் புடிச்சாரட்டுமா?" எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெரியப்பா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்தச் சொல்லிவிட்டேன். பிள்ளை வீறிட்டு அழுதபோது நிமிர்ந்தால், சீர்த்தட்டோடு, சட்டை வேர்வையில் நனைந்து, அண்ணன் வாசலில் நிற்கிறார். "அதான் வேற மடி கெடச்சிடுச்சே" என்று தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான். இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். தப்பு என்னுடையது. அன்று ராத்திரியே எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரிடம் போய் நின்று "தப்புதான்" என்று சொல்லிப் பழகிய வாய் இல்லை இது. சாவு வீடுகளில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றுவிட்டு வந்திருக்கிறோம்.

அண்ணன் மகள்தான் கடலூரில் இருக்கும் எனக்குப் போன் போட்டாள். "அத்தே, அப்பாவுக்கு ஒரு கிட்னி சுருங்கிப் போச்சு. இன்னொண்ணுக்குப் போற ரத்தக் குழாயும் அடச்சிருக்காம். நீங்க வாங்களேன்." பஸ் ஏறினேன். சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையைப் புதுச்சத்திரம் தாண்டும்வரை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள் போனதும் "வா" என்றுகூட அவர் கேட்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, "வந்தவங்களுக்குக் காப்பி குடு" என்றார். என் வார்த்தையும் காப்பியோடு உள்ளே போய்விட்டது.

கிட்னிக்குள் இன்னும் ரத்தம் ஓடுகிறதா, எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஓரளவாவது ஓடினால் அடைப்பைத் திறந்துவிடலாம். அதற்குள்ளேயே வற்றிப்போயிருந்தால் திறந்தும் பிரயோஜனம் இல்லை. மிஷின் ஓட்டும் பெண் எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். "கிட்னி இருக்குற நெலமைக்கு மருந்து ஏத்த முடியாது ஆயா. ஓடுற ரத்தத்துலயே காந்தம் ஒரு அடையாளம் வெச்சுடும். அந்த ரத்தம் கிட்னிக்குள்ள எவ்ளோ போவுதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும். ஆனா நான் சொல்றப்ப அசையாம மூச்சப் புடிக்கணும். வயிறு ஆடுனா படம் கலஞ்சிடும்."

அண்ணனால் முடியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றிருந்தோம். அந்தப் பக்கம் குழாய்க்குள் தலை மறையக் கிடந்தார். பாதம் இரண்டும்தான் தெரிந்தன. மிஷின் தடதடவென்று அடித்தது. பிடிக்கச் சொன்னால் விட்டார், விடச் சொன்னால் பிடித்தார். பயத்தில் கையிலிருந்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டார். "அவருக்குப் பழகுன குரலா இருந்தா நல்லது" என்று அந்தப் பெண் மைக்கை மகளிடம் கொடுத்தாள். "அப்பா" என்றதுமே மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டது. மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

பட்டனை அமுக்கினேன். "அண்ணே" என்றேன். ஆடிக்கொண்டிருந்த பாதம் நின்றது.

"மூச்ச இழுண்ணே. புடி. அப்டியே புடி... இப்ப உடுண்ணே."

பிடித்தார். விட்டார். நான் சொன்னபடி, சொன்ன நேரத்துக்கு. "இத மொதல்லயே பண்ணிருக்கலாமே ஆயா!" என்று அந்தப் பெண் சிரித்தாள். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் மிஷின் ஓய்ந்து கிடக்கும். அப்போதெல்லாம் பட்டன் என் விரலுக்கடியில். அவர் எழுந்து போகவும் முடியாது, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. இதைவிட நல்ல நேரம் எனக்கு வரப்போவதில்லை என்று தெரிகிறது. வாயைத் திறப்பேன். அதற்குள் அந்தப் பெண் கையைக் காட்டுவாள். "மூச்ச இழுண்ணே" என்றுதான் வரும். அத்தனை படமும் இப்படியே முடிந்தது.

மறுநாள் டாக்டர் அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டினார். கிட்னி இருக்கும் இடம் கறுப்பாகக் கிடந்தது. "இதுல ரத்தம் போற மாதிரியே இல்லம்மா. அடைப்ப எடுத்தாலும் வாங்கிக்க அங்க எதுவும் உயிரோட இல்ல" என்றார். மகள் விம்மினாள். அண்ணன் படத்தைப் பார்க்கவே இல்லை. மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னொரு தபா அந்த மிஷின்ல படுத்துப் பாக்கட்டுமா?"

"திரும்பப் பாத்தாலும் இதேதாம்ப்பா வரும்."

"பரவால்ல. எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல. கேட்டுப் பாரேன்."

கிட்னி மேல் இன்னும் ஆசை விடவில்லை என்று மகள் நினைத்தாள். அதை டாக்டரிடம் சொல்லி அழவும் செய்தாள். எனக்கு மட்டும் தெரியும், அவர் கிட்னிக்காகக் கேட்கவில்லை.

பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் முழங்கை என் புடவையில் பட்டுக்கொண்டிருந்தது. மிஷின் இல்லை, சத்தம் இல்லை, கையைக் காட்ட யாரும் இல்லை. அண்ணே என்று கூப்பிட்டிருந்தால் போதும். டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை என்று டாக்டர் சொல்ல, கேட்டபடி எங்கள் இரண்டு பேர் தலையும் குனிந்திருந்தது. ஐப்பசி அடைமழையில் அவர் போய்ச் சேருகிறவரை, நான் எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் மகளிடம் சொல்வார், எனக்குக் காப்பி கொடுக்கச் சொல்லி. நானும் குடித்துவிட்டு வருவேன்.