வளர்ற காலு

செல்போனில் தேடித் தேடி ஆர்டர் போட்ட கிறிஸ்துமஸ் செருப்பு வந்தது. பெட்டியைத் திறந்ததும் அடித்த புது ரப்பர் வாசனை என்னைப் பேரையூர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. டிசம்பர் பிறந்தால் அப்பா எங்களை வரிசையாக நிறுத்தி, விளக்குமாற்றுக் குச்சியால் பாதங்களை அளந்து, "வளர்ற காலு" என்று கட்டைவிரல் அகலம் கூடுதலாக விட்டு ஒடித்து, குச்சிகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சிம்மக்கல்லுக்குப் பஸ் ஏறுவார். அவர் வாங்கி வந்ததுதான் மாடல். அந்தத் தொளதொளச் செருப்புகள் டப் டப்பென்று அடிக்க, நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பிவிட்டது தெருவுக்கே தெரியும். அதில் எங்களுக்கு அம்புட்டுப் பெருமை!

புதுச் செருப்பு கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது என்னோடு இருக்கும் அப்பா குனிந்து, ஐம்பதைத் தாண்டிய என் கால்நுனியை அழுத்திப் பார்த்தார்.

"என்ன பாப்பா, வளர எடமே விடாம வாங்கிருக்க?"