சிகரெட் விக்கறவன் சிகரெட்ட விட்ட கதை

பொட்டிக்கடைக்காரனுக்குச் சோறு போடறது டீயும் சிகரெட்டுந்தானுங்க, மத்ததெல்லாம் கடைக்கு ஜோடனை.

ஏற்காட்டுல, வாழவந்தி பஸ்ஸு வந்து நிக்கற எடத்துக்கு எதுத்தாப்ல என்ற கடை. பாய் கடைன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. நான் படிச்சது அஞ்சாப்பு, அதுலயும் பாதி நாள் வாத்தியாருக்கே என்னைய அடையாளம் தெரியாது. சிகரெட்டு விக்கறது இருவது வருசமா. குடிக்கறது அதுக்கும் முந்தியிருந்தே. இப்ப என்ற எடது கால்ல வெரலு மூணுதான் இருக்குது. மிச்சக் காலு தங்கோணும்னா சிகரெட்ட விடோணும்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. கறிக்கடைக்காரருக்குக் கறி வேண்டாம்னா சுளுவா இருந்துக்கலாம், அவரு விக்கறது பச்சக்கறி. என்ற கடையில வாங்கறவங்க எதுத்தாப்லயே நின்னு பத்த வெச்சு, என்ற மூஞ்சிக்கு நேரா ஊதிப்போட்டு, பாய் நல்லா இருக்கீங்களான்னு வேற கேப்பாங்க.

நாளையிலருந்து விட்டர்றேன்னு ஊட்ல சொல்லி வெச்சிருக்கறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான். கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, உங்க கிட்ட மறைக்க ஒன்னும் இல்ல.

படம்

சிகரெட் பாக்கெட்டு மேல வாயி அழுகுன படம் போட்டிருக்குமுங்க. அதப் பாத்துச் சனங்க பயந்து விட்டுருவாங்களாம். ரிசார்ட்டுல வேல பாக்கற தம்பி ஒருத்தரு, புதுசாக் கல்யாணம் ஆனவரு, தெனம் ஒரு பாக்கெட்டு வாங்குவாரு. ஒருநாள் பாக்கெட்டக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நின்னாரு. மூஞ்சி சுண்டிப் போச்சு. ஆகா, ஒரு கிராக்கி போச்சுடா, ஆனா ஒரு உசுரு பொழச்சுதுடான்னு நானும் நெனச்சேன். பாக்கெட்டத் திருப்பி என்ற கிட்டயே நீட்டுனாரு.

"இந்தப் படத்தப் பாத்தா என்ற ஊட்டுக்காரி சோறு திங்க மாட்டேங்கறா பாய். லூஸ்லயே பத்துக் குடுங்க."

செருப்பு

போன வருசம் மழைக்காலத்துல எடது காலு சுண்டு வெரல்ல ஒரு புண்ணு வந்துச்சு. செருப்புக் கடிச்சிருக்கும்னு மஞ்சளப் பூசி உட்டுட்டேன். ஆறல. வெரலு நீலமாச்சு. கொஞ்ச தூரம் மேடு ஏறுனா கெண்டைக்காலப் புடிச்சு இறுக்கும், நின்னா உட்டுரும். மலையில பொறந்த ஆடே மேடு ஏற மூச்சு வாங்குது, நமக்கென்னன்னு சிரிச்சுட்டே ரெண்டு மாசம் ஓட்டிப்போட்டேன்.

காப்பி எஸ்டேட்ல ரைட்டரா இருக்கற லூர்துசாமி தெனம் காலைல பஸ்ஸுக்கு வருவாரு. எஸ்டேட்ல ஆளுங்க பேரு எழுதறது, காப்பிப்பழம் எட போடறது அவரு வேல. என்ற கடையில அவருக்கு வாயத் தொறந்தே பழக்கம் இல்ல. ஒத்த வெரலத் தூக்குவாரு, நான் ஒரு சிகரெட் எடுத்து வெப்பேன். நானும் ஒன்னு எடுத்துக்குவேன். ஒரே குச்சியில ரெண்டு பேரும் பத்த வெச்சுக்குவோம். இருவது வருசமா இதே பூசைதான். அன்னைக்கு நான் நொண்டறதப் பாத்துட்டு அவரு பொகைய உட்டுட்டே யோசன சொன்னாரு.

"வேற செருப்பு வாங்குங்க பாய். செருப்ப மாத்தலாம், கால மாத்த முடியுமா?"

காதுல உழுந்தது

வெரலு கருத்து நாத்தம் எடுத்த அப்பறந்தான் என்ற ஊட்டுக்காரி பாத்திமா என்னையப் பஸ்ஸுல ஏத்திச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. டாக்டரு கணுக்கால்ல ரெண்டு வெரல வெச்சு நொம்ப நேரம் தேடுனாரு. துடிப்பு கெடைக்கல. பொகை குடிச்சுக் குடிச்சு ரத்தக்கொழாயி சுருங்கி அடச்சுப் போச்சு, ரத்தம் கீழ எறங்கல, அதான் வெரலு செத்துப் போச்சுன்னாரு. இனிமே ஒரு சிகரெட்டு கூடாது, ஒன்னே ஒன்னுன்னாலும் கூடாதுன்னாரு. சுண்டு வெரல எடுத்தாங்க.

பதினஞ்சு நாள் கழிச்சுக் கட்டுப் பிரிக்கப் போனோம். டாக்டரு மூஞ்சியில மாஸ்க்கு போட்டுட்டு, கட்டப் பிரிச்சுட்டே சிகரெட்ட விட்டுட்டீங்களான்னு கேட்டாரு. என்ற காதுல வித்துட்டீங்களான்னு உழுந்துச்சு. இந்த மனுசனுக்கு நம்ம யாவாரத்து மேல எத்தன அக்கறைன்னு எனக்கு ஒரே சந்தோசம். எல்லாம் வித்துட்டேனுங்க டாக்டர், ஒரு பாக்கெட் மிச்சமில்ல, நாளைக்குத்தான் வேன்ல புதுசு வருதுன்னேன். பாத்திமா என்ற தொடையில நறுக்குன்னு கிள்ளுச்சு. நர்ஸம்மா திரும்பி நின்னு சிரிச்சுது. டாக்டரு சிரிக்கல. மாஸ்க்க எறக்கிப்போட்டு ஒவ்வொரு சொல்லா எடுத்து வெச்சாரு.

"விக்கறதப் பத்திக் கேக்கல பாய். விடறதப் பத்திக் கேக்கறேன். விடலைன்னா அடுத்த தடவ வெரல எடுக்க மாட்டேன், முட்டிக்குக் கீழ எடுப்பேன்."

வாயில பொகை

அன்னைக்கே விட்டேனுங்க. நெசமா. ஒம்போது நாளு ஓடுச்சு. மார்கழிக் குளுரு. காலைல கடை சாத்துப் பலகைய எடுத்து வெச்சுட்டு நிக்கறேன், பாத்திமா ஊட்லருந்து பால் தூக்குப் போசிய எடுத்துட்டு வருது. தூரத்துலயே நின்னுருச்சு. போசியக் கீழ வெச்சுட்டுத் திரும்பி நடக்குது. பின்னால ஓடவும் முடியாது, காலு அப்பிடி. என்ன புள்ளன்னு கத்துனேன், வாயிலருந்து கொத்துக் கொத்தாப் பொகை. அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது. அது பனி. குளுர்ல மூச்சு உட்டா எல்லாருக்கும் வர்றதுதான். ஊதிக் காட்டுனேன், மோந்து பாத்துச்சு. இன்னொருக்கா ஊதச் சொல்லுச்சு. அப்பறம் அதுவே வாயத் தொறந்து ஊதுச்சு, அதுக்கும் பொகை வந்துச்சு. ரெண்டு பேரும் நடு ரோட்டுல நின்னு மாத்தி மாத்தி ஊதிட்டு நிக்கறோம், வாழவந்தி பஸ்ஸு டிரைவரு ஆரனே அடிக்காம வேடிக்க பாக்கறாரு.

இதுல எனக்கு ஒரு கேடு கெட்ட புத்தி வந்துச்சுங்க. அடடா, குளுர்காலத்துல பொகைக்குப் பனின்னு பேரு வெச்சுக்கலாமேன்னு. மக்யா நாளே கடைக்குப் பின்னால போயி ஒன்னு இழுத்துப்போட்டு வந்து நின்னேன். பாத்திமா வந்துச்சு. பாத்தயா, இன்னைக்குப் பனி சாஸ்தின்னேன். கிட்ட வந்து நின்னு மூச்ச ஒருக்கா இழுத்துச்சு. கண்ணுல தண்ணி நின்னுச்சு.

"ஏங்க, பனி நாறுமாங்க?"

கரடியூர்

அதுக்கப்பறம் என்ற கடையில நானே திருடறது கஷ்டமாப் போச்சு. பாத்திமாவும் ஒட்டுக்கா வந்து கடையில உக்காந்துக்கிச்சு. நான் கரடியூர்ல வாழத்தாரு பாத்துட்டு வர்றேன்னு ஒருத்தரு வண்டியில பின்னால ஏறிப் போயிட்டேன். மேல இருந்து பள்ளம் தெரியற எடத்துல ஒரு கடை. ஒன்னு குடுங்கன்னு வாங்கி, பத்த வெச்சு, கண்ண மூடி இழுத்தேன். அந்தப் பனிக்கு அப்பறம் பதினொரு நாள் பசி. வண்டி நின்ன எடத்துக்குத் திரும்பி நடக்கறப்ப கெண்டைக்காலு புடிச்சுது பாருங்க, அப்பிடியே மதில் மேல உக்காந்துட்டேன். டூரிஸ்ட்டுங்க எல்லாம் பள்ளத்தப் பாத்து போட்டோ எடுக்கறாங்க, நான் மட்டும் என்ற காலப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். கடைக்காரருக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சு போச்சு. தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, நொம்ப மருவாதியாக் கேட்டாரு.

"ஏனுங்க பாய், உங்க சரக்கு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?"

முக்காலி

தை மாசம் பக்கத்து வெரலும் போச்சு. முட்டி போகக் கூடாதுன்னு பாத்திமா நேந்துக்குச்சு. கடைக்குத் திரும்பி வந்து முக்காலியில கால நீட்டி உக்காந்தேன். யாரு சிகரெட்டு கேட்டாலும் மொதல்ல காலக் காட்டறதுன்னு வெச்சுக்கிட்டேன். அச்சடிச்ச படத்துக்கு அசராதவங்க நெசக் காலுக்காச்சும் அசருவாங்கன்னு நெனப்பு. நாலு பேரு பாவம்ன்னாங்க. ஒருத்தரு எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாரு. நாலு பேரும் அவரும் வாங்கிப் பத்த வெச்சுட்டுத்தான் போனாங்க.

ரைட்டரு வந்தாரு. ஒத்த வெரலத் தூக்குனாரு. இன்னொருக்கா யோசிங்க ரைட்டரே, நம்ம ரெண்டு பேரும் ஒரே குச்சியில பத்த வெச்சவங்கன்னேன். குனிஞ்சு கட்டப் பாத்தாரு, என்ற தோளத் தொட்டாரு, அவரு கண்ணும் கலங்கிருச்சு. ஆனாத் தூக்குன வெரலு எறங்கல. நான் எடுத்துக் குடுத்துட்டேனுங்க. பத்த வெச்சும் உட்டேன். இழுத்துட்டு, எனக்கு ஆறுதல் சொல்றதா நெனச்சுச் சொன்னாரு.

"உங்க காலுக்கு என்னமோ கெட்ட நேரம் பாய். என்ற காலு கல்லு மாதிரி இருக்குது."

நோம்பு

அப்பறம் நோம்பு வந்துச்சு. விடியறதுக்கு முந்தி சாப்ட்டா, சாயந்தரம் பள்ளிவாசல்ல தொழுகைக்கு வாங்கு சொல்ற வரைக்கும் எச்சி கூட முழுங்கத் தயங்குவோம். சிகரெட்டும் கெடையாது. பதினஞ்சு வயசுலருந்து நான் ஒரு நோம்பும் உட்டதில்ல. பகல் பூரா மத்தவங்களுக்குச் சிகரெட்டு எடுத்துக் குடுப்பேன், எனக்குக் கையி நடுங்காது, நாக்கு ஊறாது. வாங்கு சத்தம் கேட்டுச்சுன்னாப் போதும், ஒரு கையில பேரிச்சம்பழம், இன்னொரு கையில சிகரெட்டு. இந்த வருசமும் மொத நோம்பு அன்னைக்கு அப்பிடித்தான் கையி சட்டப் பாக்கெட்டுக்குப் போச்சு. பாக்கெட்ல ஒன்னு இருந்துச்சு. எப்ப எடுத்து வெச்சேன்னு சத்தியமா எனக்கே தெரியாது.

பாத்திமா புடுங்கல, திட்டல, கிள்ளல. நோம்புக் கஞ்சிய என்ற முன்னால வெச்சுட்டு, கட்டுப் போட்ட கால எடுத்துத் தன்ற மடியில வெச்சுக்கிச்சு. இருவத்தஞ்சு வருசத்துல அது சொன்னதெல்லாம் ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல உட்டவன் நான். இது மட்டும் உள்ளயே நின்னுக்கிச்சு.

"அல்லாவுக்குன்னாப் பகல் பூரா விடறீங்க. இந்தக் காலுக்கு ஒரு ராத்திரி விட மாட்டீங்களா?"

கம்பூட்ஸு

அந்த ராத்திரி விட்டேன். மக்யா நாள் வாங்கு சொன்னதும் பழம், தண்ணி, கஞ்சி. கையி பாக்கெட்டத் தேடுச்சு, இதுக்கு மட்டும் இன்னும் வாங்கு சொல்லலைன்னு கையிக்குச் சொன்னேன். ஒடம்பு நடுங்குச்சு, தூக்கம் வரல, பாத்திமா மேல எரிஞ்சு எரிஞ்சு உழுந்தேன். முப்பது நாளும் முடிஞ்சுது. பெருநாள் தொழுகைக்கு எல்லாரும் கட்டிப் புடிச்சாங்க, அதுல பாதிப் பேரு சட்டையில சிகரெட்டு வாசம். மூச்ச அடக்கிட்டு ஊடு வந்து சேந்தேன். அப்பறமும் அந்தச் சிகரெட்டு நோம்ப மட்டும் நான் தொறக்கல. போன மாசம் டாக்டரு கணுக்கால்ல வெரல வெச்சுத் தேடுனாரு. துடிப்பு வந்திருக்குது, நொம்ப மெதுவா. புண்ணு மூடிக்கிச்சு. பத்த வெக்காத வரைக்கும் இந்தக் காலு உங்களுதுன்னாரு. பஸ்ஸுல திரும்பி வர்றப்ப கொண்டை ஊசி வளைவெல்லாம் பாத்திமா எண்ணிட்டே வந்துச்சு. பாதியில நிறுத்தி, சிகரெட்டுப் பொட்டிய எடுத்துருங்கன்னுச்சு. அத எடுத்தா டீக்கு எவன் வருவான்னு நான் மல்லுக்கு நின்னேன். பொட்டி கடையிலயேதான் இருந்துச்சு.

போன வாரம் நல்ல சாரல். ரைட்டரு வந்தாரு. கம்பூட்ஸு போட்டிருந்தாரு. வெரலத் தூக்கல. நான் பழக்கத்துல ஒன்னு எடுத்து வெச்சேன், அவரு அதப் பாக்கவே இல்ல. பஸ்ஸு வந்து நின்னு, ஆரனடிச்சு, கெளம்பிப் போயிருச்சு. இருவது வருசத்துல அவரு அந்த பஸ்ஸ உட்டு நான் பாத்ததில்ல. பெஞ்சுல உக்காந்து, எடது காலு பூட்ஸ இழுத்துக் கழட்டுனாரு, சாக்ஸ உருவுனாரு. பெருவெரலு. அந்த நீலம் எனக்குத் தெரியுமுங்க, தூக்கத்துலயும் தெரியும். நான் ஒரு நக்கலும் பண்ணல. அவரு எதுலயோ தப்பு எழுதி மாட்டிக்கிட்ட ஆளு மாதிரி, தலையத் தூக்காமக் கேட்டாரு.

"பாய், உங்களுக்கு மொதல்ல எப்பிடி ஆரம்பிச்சுது?"

அன்னைக்குத்தானுங்க அந்தப் பொட்டியக் கடையிலருந்து எடுத்தேன். இருவது வருசம் அவரு எனக்கு வாடிக்கை, இப்ப நாங்க ரெண்டு பேரும் சேலத்துல ஒரே டாக்டருக்கு வாடிக்கை.