‘மேல்’ என்று எழுதியிருந்த பின் எக்ஸல்

முதல் கியர் போட்டதும் பின்னால் ஓடுகிற லாரியைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதை அப்படிப் பூட்டிக் கொடுத்தவனும் நானேதான். ஒர்க்‌ஷாப் வேலைக்கு வரப்போகிற தம்பிமார்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

சிடாம் கிரிக்கு உள்ளே இருக்கும் ரப்பர் தோட்டத்தில் எனக்கு அது மூன்றாவது மாதம். பினாங்கில் இரண்டு வருடம் மோட்டார் படித்து சர்டிபிகேட் வாங்கியவன் நான். ஆறுமுகம் அண்ணன் அங்கே இருபது வருட மெக்கானிக். ஆனாலும் துரை என்னைத்தான் ஒர்க்‌ஷாப் பொறுப்பில் போட்டார். அதை நான் யாரையும் மறக்கவிடவில்லை.

தோட்டத்தில் ஒரே மாடலில் இரண்டு பழைய ராணுவ லாரிகள் இருந்தன. லீவரைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். காட்டில் கம்யூனிஸ்ட் சண்டை தொடங்கி அவசரகாலச் சட்டம் வந்ததும், காட்டோரம் என்று சொல்லி மேல் டிவிசனை மூடினார்கள். ஜனங்களைக் கீழ் டிவிசன் முள்கம்பிக்குள் கொண்டுவந்தார்கள். மேல் டிவிசன் லாரியைக் கழற்றிப் பாகம் பாகமாக எங்கள் ஸ்டோரில் போட்டார்கள். மிச்சம் இருந்து ஓடியது ஒரே லாரி.

அந்த லாரிதான் அரிசி கொண்டுவரும். யார் வீட்டிலும் ஒரு வாரத்து அரிசிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு, திகாம் பத்து டவுனிலிருந்து போலீஸ் காவலோடு ஏற்றி வரவேண்டும். இரண்டு மணியைத் தவறவிட்டால் அடுத்த வாரம்தான். மழையில் எங்கள் செம்மண் மேட்டில் வேறு வண்டி ஏறாது.

அரிசி நாளுக்கு முந்தின நாள் அந்த லாரி மரக்கட்டையில் ஏறி இறங்கியதில் பின் எக்ஸலின் இரும்பு உறை, அதாவது ஹவுசிங், வெடித்துவிட்டது.

“ஸ்டோர்ல இருக்கிறத எடுத்துப் பூட்டுவோம், நாளைக்கு மத்தியானம் வண்டி ரெடி” என்றேன். துரையிடமும் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன்.

உடைந்ததை இறக்கிக் கொல்லைப்பக்கம் உருட்டிவிட்டோம். ஸ்டோரில் இருந்த ஹவுசிங்கை ஸ்பிரிங்கில் ஏற்றி யூ-போல்ட் முறுக்கினோம். அடுத்து, ஸ்டோரில் தனியாகக் கிடந்த டிஃபரன்ஷியல். எக்ஸலின் நடுவில் உட்கார்ந்து இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூடு அது. வட்டமாகப் பத்து போல்ட். அந்த மாடலில் நேராக வைத்தாலும் பொருந்தும், தலைகீழாக வைத்தாலும் பொருந்தும். கூட்டின் ஒரு பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் கொட்டை எழுத்தில் ‘மேல்’ என்று எழுதியிருந்தது.

“இந்தப் பக்கம் மேல வரணும்ணே. எழுதியே வச்சிருக்காங்க.”

ஆறுமுகம் அண்ணன் தலையைச் சொறிந்தார். “நம்மளோடதுல பெரிய பல்சக்கரம் இடது பக்கம் இருந்த மாதிரி இருக்கு தம்பி. இப்படி வச்சா வலது பக்கம்ல வருது?”

“இருந்த மாதிரியா, இருந்துச்சா?”

“மாதிரிதான்.”

“அப்ப எழுத்தை நம்புங்க.”

கழற்றிய எக்ஸல் பத்தடி தூரத்தில் கிடந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு வேலை முடிந்தது. டிரைவர் காதர் பாய் ஏறி உட்கார்ந்தார். லயத்திலிருந்து செல்லம்மா அக்காவும் வந்து நின்றார்.

“வண்டி போகுமா தம்பி? காலையில ஆக்கினதோட எங்க வீட்டு அரிசி முடிஞ்சிடுச்சு. லயத்துல எல்லார் வீட்டிலயும் இதே கதைதான்.”

“கண்ணால பாருங்கக்கா” என்றேன்.

பாய் கிளட்சை விட்டார். லாரி பின்னால் பாய்ந்து தண்ணீர்ப் பீப்பாயை நசுக்கியது.

“பாய்! ஏன் கோஸ்தான் போட்டீங்க?” என்று கத்தினேன். ரிவர்ஸுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேச்சு.

“யாருடா கோஸ்தான் போட்டது? நான் ஒண்ணுதான் லா போட்டேன்!” அடுத்து நிஜமாகவே கோஸ்தான் போட்டார். லாரி அழகாக முன்னால் வந்தது. பாய் தலையை வெளியே நீட்டினார். “நாலு கோஸ்தான், ஒரு முன் கியர். இதுதான் பினாங்குல சொல்லிக் குடுத்தாங்களா?”

கூட்டைத் தலைகீழாகப் பூட்டியதில் சக்கரம் சுற்றும் திசையே மாறிவிட்டது. எனக்குக் காது சுட்டது. “மேல்னு எழுதியிருந்துச்சு, அதைப் பார்த்துத்தான் வச்சேன்” என்றேன்.

செல்லம்மா அக்கா என்னையே பார்த்தார். “வெள்ளைப் பெயின்ட்லயா? அது மேல் டிவிசன் சாமான் தம்பி. இங்க கொண்டாரப்ப கலந்துடக் கூடாதுன்னு எல்லாத்திலயும் நாங்கதான் எழுதினோம். எங்க வீட்டு அண்டாவுக்கு அடியிலகூட மேல்னுதான் போட்டிருக்கு. அதுக்காக அதைக் கவுத்து வச்சா சோறாக்குறோம்?”

ஆறுமுகம் அண்ணன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “திருப்பிப் பூட்ட ரெண்டு மணி நேரம் ஆகும். ரெண்டு மணிக்கு அங்க இருக்கணும்” என்றார்.

அப்போதுதான் படித்தது ஒரு தடவை உதவியது. பின் எக்ஸலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தண்டைக் கழற்றிவிட்டால் பின் சக்கரங்கள் சும்மா உருளும். நாலு சக்கர லீவரைப் போட்டால் முன் சக்கரம் மட்டும் இழுக்கும். எட்டு நட்டுதான். கால் மணி நேரத்தில் கழற்றினோம். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். இறக்கத்தில் காலி வண்டி, பிரச்சினை இல்லை. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திகாம் பத்துவில் நின்றோம். மூட்டைகளைக் கேபினை ஒட்டி முன்னால் அடுக்கச் சொன்னேன்.

திரும்பும்போது மழை. செம்மண் மேட்டில் பாதியில் முன் சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தது. பாய் மூன்று தடவை முயன்றார், மூன்று தடவையும் வண்டி சறுக்கி இறங்கியது. பின்னால் வந்த போலீஸ் கார்ப்பரல் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து மணிக்குள் ஏறாவிட்டால் அரிசியோடு வண்டியைத் திகாம் பத்துவுக்கே திருப்புவாராம்.

“தம்பி, கோஸ்தான்ல ஏறுவோம்” என்றார் பாய்.

“விளையாடுறீங்களா?”

“மூஞ்சியைக் கீழ காட்டினா பாரம் முன் சக்கரத்துக்கு வரும். சறுக்காது. இதுக்கு சர்டிபிகேட் வேணுமா?”

யோசித்துப் பார்த்தேன். கணக்கு சரிதான். அடிவாரத்தில் வண்டியைத் திருப்பினோம். நான் இறங்கி, சேற்றில் வண்டியின் பின்பக்கமாக மேலே நடந்து கையைக் காட்ட, பாய் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஏற்றினார். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நாலரை மணிக்குத் தோட்டத்து கேட்டுக்குள் முதலில் நுழைந்தது லாரியின் பின்பக்கம்தான். கேட்டில் நின்ற காவலாளி யாருக்கு சல்யூட் வைப்பது என்று தெரியாமல் டெயில் லைட்டுக்கு வைத்தார். விளக்கு வைக்கும் முன் எல்லார் வீட்டுக்கும் அரிசி போய்விட்டது.

மறுநாள் கொல்லைப்பக்கம் போய்ப் பழைய எக்ஸலைப் பார்த்தேன். பெரிய பல்சக்கரம் இடது பக்கம்தான். ஆறுமுகம் அண்ணனிடம் போய், “நீங்க சொன்னதுதாண்ணே சரி” என்றேன். “பத்து போல்ட்டும் நீயே கழட்டு” என்றார். கழற்றி நேராகத் திருப்பிப் பூட்டினேன்.

கழற்றியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புதியதைப் பூட்ட வேண்டும். சாமானில் ஏதாவது எழுதியிருந்தால் எழுதியது யார் என்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதை எழுதும் இன்றும் அரிசி நாள், மணி ஒன்று இருபது. பாய் முதல் கியர் போட்டு முன்பக்கமாகவே அரிசிக்குக் கிளம்பிவிட்டார்.